சக்கைக்குள் பூட்டிய சர்க்கரை

கள்ளக்குறிச்சி என்று சொன்னால் வெளியூர்க்காரர்களுக்கு இப்போது முதலில் நினைவுக்கு வருவது 2024 ஜூன் மாதம்தான். நகரின் கருணாபுரம் பகுதியில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அதற்கு முன்பும் பின்பும் நாளிதழ்களின் உள்பக்கங்களில் ஒரு செய்தி அடிக்கடி வந்துகொண்டே இருக்கிறது: கல்வராயன் மலையில் இத்தனை ஆயிரம் லிட்டர் சாராய ஊறல் அழிப்பு. வெல்லமும் மரப்பட்டையும் கடுக்காயும் போட்டு ஊற வைத்த பேரல்களைப் போலீசார் கவிழ்த்துக் கொட்டும் படத்தையும் நாம் பார்த்திருப்போம்.

இந்தக் கட்டுரை சாராயத்தைப் பற்றியது அல்ல. ஆனால் அந்த ஊறலிலிருந்து ஒரு கேள்வியை எடுத்துக்கொள்ளலாம். மலையடிவாரத்தில் கச்சிராயபாளையத்திலும், தென்பெண்ணைக் கரையில் மூங்கில்துறைப்பட்டிலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் இருக்கின்றன. அரவைக் காலத்தில் அவற்றின் வளாகங்களில் கரும்புச் சக்கை குன்றுபோல் குவிந்து கிடக்கும். வெல்லத்துக்குக் காசு கொடுக்க வேண்டும், சக்கை மலிவு. அப்படியிருந்தும் சக்கையை ஊறப்போட்டு யாரும் எதுவும் காய்ச்சுவதில்லை. ஏன்?

"சக்கையில்தான் சத்து இல்லையே, சாறெல்லாம் பிழிந்தாயிற்றே" என்பது நாம் சட்டென்று சொல்லும் பதில். அது தவறு. சக்கையின் பெரும்பகுதி சர்க்கரையால் ஆனது. நம் நாக்குக்கும் ஈஸ்டுக்கும் அது எட்டாது, அவ்வளவுதான். அந்தச் சர்க்கரையைத் திறந்து எடுத்து எரிபொருளாகவும் வேதிப்பொருளாகவும் மாற்றுவதற்கு இரண்டு நூற்றாண்டுகளாக உலகம் முயன்று வருகிறது. அந்த முயற்சி எங்கே நிற்கிறது, கள்ளக்குறிச்சி போன்ற ஒரு மாவட்டத்துக்கு அதில் என்ன இருக்கிறது என்பதைப் பார்ப்போம்.

ஒரே மணி, வேறு கோவை

சோற்றை நன்றாக மென்றுகொண்டே இருந்தால் சற்று நேரத்தில் வாயில் லேசாக இனிக்கும். சோற்றில் இருப்பது மாவுச்சத்து. குளுக்கோஸ் என்னும் சர்க்கரை மணிகளை வரிசையாகக் கோத்த மாலைதான் மாவுச்சத்து. நம் உமிழ்நீரில் உள்ள அமைலேஸ் என்ற நொதி, அந்த மாலையின் முடிச்சுகளை வெட்டிவிடுகிறது. சிறு துண்டுகள் உதிர்ந்ததும் இனிப்பு தெரிகிறது.

வைக்கோல், கரும்புச் சக்கை, மூங்கில், பருத்தித் துணி, நீங்கள் எழுதும் காகிதம் எல்லாவற்றிலும் இருக்கும் செல்லுலோஸும் அதே குளுக்கோஸ் மணிகளால் கோத்த மாலைதான். வேறுபாடு முடிச்சில் இருக்கிறது. மாவுச்சத்தில் எல்லா மணிகளும் ஒரே பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கும். அதனால் மாலை சுருண்டு, இளகி, தண்ணீரை உள்ளே விடும். செல்லுலோஸில் ஒன்றுவிட்டு ஒரு மணி தலைகீழாகத் திரும்பியிருக்கும். விளைவாக மாலை நேராக நீளும். பக்கத்து மாலைகளோடு இறுக ஒட்டிக்கொண்டு கயிறாக முறுக்கேறும். தண்ணீரும் நுழையாது, நம் வயிற்று நொதியும் நுழையாது. மணிகளைத் திருப்பி வைத்த இந்தச் சின்ன மாற்றம்தான் சோற்றை உணவாகவும் வைக்கோலைக் கூரையாகவும் வைத்திருக்கிறது.

இது போதாதென்று செடி இன்னும் இரண்டு காவல்களைப் போட்டிருக்கிறது. செல்லுலோஸ் கயிறுகளைச் சுற்றி ஹெமிசெல்லுலோஸ் என்ற இன்னொரு சர்க்கரைப் பின்னல். இதில் பெரும்பாலும் இருப்பது குளுக்கோஸ் அல்ல, சைலோஸ் என்னும் வேறு சர்க்கரை. இவை இரண்டையும் சேர்த்துச் சிமெண்ட் பூசியதுபோல் இறுக்கிப் பிடிக்கிறது லிக்னின். மரம் நிமிர்ந்து நிற்பதும், சட்டென்று மக்கிப்போகாமல் இருப்பதும் லிக்னினால்தான். உலர்ந்த கரும்புச் சக்கையில் ஏறக்குறைய 40 சதவீதம் செல்லுலோஸ், கால் பங்கு ஹெமிசெல்லுலோஸ், ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் லிக்னின்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாளொன்றுக்கு 2500 டன் கரும்பு அரைக்கும் ஓர் ஆலை என்று வைத்துக்கொள்ளுங்கள். பிழிதிறன் 9 சதவீதம் என்றால் 225 டன் சர்க்கரை மூட்டையாகும். சக்கை சுமார் 700 டன் விழும். அதில் பாதி ஈரம். உலர் எடை 350 டன். அதற்குள் இருக்கும் செல்லுலோஸை முழுதாக உடைக்க முடிந்தால் 150 டன்னுக்கும் மேல் குளுக்கோஸ் கிடைக்கும். ஹெமிசெல்லுலோஸிலிருந்து வரும் சர்க்கரை தனி. அதாவது, ஆலை மூட்டை கட்டி அனுப்பும் சர்க்கரைக்கு ஏறத்தாழச் சமமான இன்னொரு சர்க்கரை சக்கைக்குள் பூட்டிக் கிடக்கிறது.

கூடாரத்தைத் தின்ற பூஞ்சை

இந்தப் பூட்டை முதலில் திறந்து காட்டியவர் பிரான்ஸ் நாட்டு வேதியியலாளர் ஆன்றி பிராக்கொன்னோ. 1819-ல் அவர் பழைய துணிக் கந்தல்களைக் கந்தக அமிலத்தில் ஊறவைத்துச் சர்க்கரையாக மாற்றினார். அன்றைக்கு அது ஒரு வித்தை. அமிலத்துக்கு நிதானம் கிடையாது. முடிச்சை வெட்டும், அதோடு நிற்காமல் வெட்டி எடுத்த சர்க்கரையையும் கருக்கிவிடும். பாத்திரத்தையும் அரித்துவிடும்.

ஆனால் இதே வேலையை நம் வீட்டுத் தொழுவத்தில் மாடு சத்தமில்லாமல் செய்கிறது. மாடு செய்கிறது என்பதுகூட முழுச் சரியல்ல. அதன் முன்வயிற்றில் குடியிருக்கும் கோடானுகோடி நுண்ணுயிர்கள் செய்கின்றன. வைக்கோலில் உள்ள செல்லுலோஸை அவை உடைத்துப் புளிக்கவைத்துத் தருவதைக் கொண்டுதான் மாடு வாழ்கிறது, பாலும் சுரக்கிறது. கரையான் மரத்தை அரிப்பதும், வைக்கோல் படுக்கையில் சிப்பிக் காளான் முளைப்பதும் இதே கலையின் வேறு வகைகள்.

தொழிற்சாலைக்குள் இந்தக் கலை வந்த கதை சுவையானது. இரண்டாம் உலகப் போரின்போது பசிபிக் தீவுகளில் இருந்த அமெரிக்கப் படைகளின் பருத்திக் கூடாரங்களும் உடைகளும் வேகமாக இற்றுப்போயின. எதிரி குண்டு போட்டதால் அல்ல, பூஞ்சையால். சாலமன் தீவுகளில் இற்ற துணியிலிருந்து பிரித்தெடுத்த ஒரு பூஞ்சையை அமெரிக்க ராணுவ ஆய்வகத்தில் எல்வின் ரீஸும் அவரது சகாக்களும் ஆராய்ந்தார்கள். அது வெளியே விடும் நொதிகள் செல்லுலோஸை அப்படியே சர்க்கரையாக உதிர்த்தன. துணியைக் காப்பாற்றத் தொடங்கிய ஆராய்ச்சி, துணியைத் தின்பது எப்படி என்ற ஆராய்ச்சியாகத் திசை மாறியது.

அந்தப் பூஞ்சைக்கு முதலில் வைத்த பெயர் ட்ரைக்கோடெர்மா விரிடி. இந்தப் பெயரை எங்கோ கேட்டதுபோல் இருக்கிறதா? விவசாயக் குடும்பத்து வாசகர்களுக்கு நிச்சயம் இருக்கும். வேரழுகல் வராமல் இருக்க, கிலோ விதைக்கு 4 கிராம் வீதம் விதை நேர்த்தி செய்யச் சொல்லி வேளாண் துறையினர் தரும் பச்சைப் பொடி அதுதான். சாலமன் தீவுப் பூஞ்சை அதன் நெருங்கிய உறவு என்றும், தனி இனம் என்றும் பின்னர் தெரிந்ததால், 1977-ல் ரீஸின் பெயரால் ட்ரைக்கோடெர்மா ரீசி என்று மாற்றினார்கள். இன்று உலகில் தயாராகும் செல்லுலேஸ் நொதிகளில் பெரும்பகுதி இந்த ஒரு பூஞ்சையின் வாரிசுகளிடமிருந்து வருகிறது. துணியை மிருதுவாக்கும் சலவைத்தூளிலும், ஜீன்ஸ் துணிக்குப் பழைய தோற்றம் தரும் பட்டறையிலும்கூட அதற்கு வேலை இருக்கிறது.

ஆலைக்குள் என்ன நடக்கும்?

நொதி இருந்தாலும் லிக்னின் பூச்சைத் தாண்டி அது உள்ளே போக வேண்டுமே. அதற்குத்தான் முன்பதப்படுத்தல். நறுக்கிய வைக்கோலையோ சக்கையையோ கனத்த கலத்தில் அடைத்து, சில இடங்களில் மிகச் சிறிதளவு அமிலமும் சேர்த்து, 160 முதல் 200 டிகிரி வரை நீராவியில் வேகவைப்பார்கள். பிறகு அழுத்தத்தைத் திடீரென்று திறந்துவிடுவார்கள். பொரி பொரிவதுபோல் நார் வெடித்துப் பிரியும். ஹெமிசெல்லுலோஸ் கரைந்து வெளியேறும், லிக்னின் பிடி தளரும்.

வெளியே வரும் கருஞ்சேற்றை ஆறவைத்து நொதி சேர்த்து, சுமார் 50 டிகிரி வெப்பத்தில் இரண்டு மூன்று நாள் வைத்திருக்க வேண்டும். ஒரே நொதி போதாது. மாலையை நடுவில் வெட்ட ஒன்று, நுனியிலிருந்து இரண்டிரண்டு மணியாக உருவ ஒன்று, அந்த இரட்டை மணிகளைத் தனித்தனியாகப் பிரிக்க ஒன்று. சர்க்கரை சேரச் சேர நொதியின் வேகம் குறையும் என்பது இன்னொரு தொல்லை. கடைசியில் கிடைக்கும் சர்க்கரைக் கரைசலில் ஈஸ்டை விட்டால் எத்தனால் வரும். இந்தக் கடைசிப் படி மனிதகுலத்துக்குப் பல்லாயிரம் ஆண்டுப் பழக்கம். சிரமமெல்லாம் அதற்கு முந்தைய படிகளில்தான். நார் சர்க்கரையாவதுதான் கடினம். சர்க்கரை சாராயமாவது எளிது. மலையில் ஊறல் போடுபவர்கள் வெல்லத்தைத் தேடிப் போவது இதனால்தான்.

ஈஸ்டிலும் ஒரு சிக்கல் உண்டு. சாதாரண ஈஸ்ட் குளுக்கோஸைத் தின்னும், சைலோஸைத் தொடாது. கிடைத்த சர்க்கரையில் மூன்றில் ஒரு பங்கு வீணாகாமல் இருக்க, சைலோஸையும் தின்னும்படி மரபணு மாற்றிய ஈஸ்டுகளை உருவாக்க வேண்டியிருந்தது.

இந்தியாவில் இது ஏட்டளவில் நிற்கவில்லை. ஹரியானாவின் பானிபட்டில் இந்தியன் ஆயில் நிறுவனம் 900 கோடி ரூபாய்க்கும் மேல் செலவிட்டுக் கட்டிய ஆலை, 2022 ஆகஸ்ட் 10 அன்று திறக்கப்பட்டது. ஆண்டுக்கு 2 லட்சம் டன் நெல் வைக்கோலை எடுத்து 3 கோடி லிட்டர் எத்தனால் தருவது அதன் திட்டம். வகுத்துப் பாருங்கள்: டன்னுக்கு 150 லிட்டர். வேதியியல் அனுமதிக்கும் உச்ச அளவோ இதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். இடையில் உள்ள வித்தியாசம்தான் மேலே சொன்ன சிரமங்களின் விலை.

பணக்கார நாடுகளும் இங்கே சறுக்கியிருக்கின்றன. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் டூபாண்ட் நிறுவனம் மக்காச்சோளத் தட்டையை நம்பி 2015-ல் திறந்த மாபெரும் ஆலை, இரண்டே ஆண்டில் மூடப்பட்டு, பிறகு விற்கப்பட்டது. ஆய்வகத்தில் தட்டை சுத்தமாக இருக்கும். வயலிலிருந்து வரும் கட்டில் மண்ணும் கல்லும் ஈரமும் சேர்ந்தே வரும். ஓராண்டுக்குத் தேவையான தட்டையைச் சில வாரங்களில் அள்ளி, நெருப்புப் பிடிக்காமல், மழையில் மக்காமல் அடுக்கி வைக்க வேண்டும். இந்தத் தொழிலில் நொதி விஞ்ஞானியின் தலைவலியைவிட வைக்கோல் போர் போடுபவரின் தலைவலி பெரியது என்று சொன்னால் மிகையல்ல.

இவ்வளவு சிரமப்பட்டு ஏன்?

இந்தியாவில் 2014-ல் பெட்ரோலில் கலந்த எத்தனால் ஒன்றரை சதவீதம். 2025-ல் அது 20 சதவீதத்தைத் தொட்டுவிட்டது. உங்கள் வண்டியின் டேங்கில் இப்போது ஐந்தில் ஒரு பங்கு எத்தனால். லிட்டருக்கு லிட்டர் அதன் எரியாற்றல் பெட்ரோலில் மூன்றில் இரண்டு பங்குதான். மைலேஜ் குறைகிறது என்று வண்டி ஓட்டுபவர்கள் புலம்புவதில் பொருள் இல்லாமல் இல்லை.

இந்த எத்தனாலில் ஆகப் பெரும்பகுதி நாரிலிருந்து வரவில்லை. கரும்புச் சாறு, மொலாசஸ் எனப்படும் கழிவுப்பாகு, அரிசி, மக்காச்சோளம் ஆகியவற்றிலிருந்து வருகிறது. அதாவது தட்டில் இருக்க வேண்டியவை, அல்லது தட்டுக்கு வரும் முட்டைக்கும் கோழிக்கும் தீவனமாக வேண்டியவை. 2023 டிசம்பரில், மழை குறைவால் சர்க்கரை போதாமல் போய்விடுமோ என்ற அச்சத்தில், கரும்புச் சாற்றிலிருந்து நேரடியாக எத்தனால் தயாரிக்க மத்திய அரசு தடை போட்டது; பிறகு அளவு வைத்துத் தளர்த்தியது. அதே காலத்தில் மக்காச்சோளம் ஆலைகளை நோக்கிப் பாய்ந்ததால் தீவன விலை ஏறி, நாமக்கல் பக்கத்துக் கோழிப்பண்ணையாளர்கள் கவலைப்பட்டார்கள். மக்காச்சோளத்தை ஏற்றுமதி செய்துவந்த நாடு இறக்குமதி செய்யத் தொடங்கியது. கள்ளக்குறிச்சியிலும் சின்னசேலத்திலும் மக்காச்சோளம் போட்ட விவசாயிக்கு அந்த விலையேற்றம் நல்லதுதான். முட்டை வாங்கும் வீட்டுக்கு அல்ல. வண்டிக்கும் வயிற்றுக்கும் நடக்கும் இந்தப் போட்டியில் நாரிலிருந்து சர்க்கரை எடுக்கும் வழி பக்கச்சார்பில்லாத மூன்றாவது வழியாகத் தெரிகிறது. யாரும் உண்ணாததை எரிபொருளாக்குகிறோம் என்பதே அதன் வாதம்.

கழிவு யாருக்குக் கழிவு?

வாதம் கேட்க நன்றாக இருக்கிறது. கள்ளக்குறிச்சிக் களத்தில் இறங்கிப் பார்த்தால் 'கழிவு' என்ற அந்தச் சொல்லே தடுமாறுகிறது.

முதலில் கரும்புச் சக்கை. சர்க்கரை ஆலை தனக்கு வேண்டிய நீராவிக்கும் மின்சாரத்துக்கும் கொதிகலனில் எரிப்பது அதைத்தான். வசதியுள்ள ஆலைகள் உபரி மின்சாரத்தை விற்கவும் செய்கின்றன. மிஞ்சினால் காகிதம் இருக்கிறது: கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் 1980-களிலிருந்து சக்கையில் காகிதம் செய்துவருகிறது. சில சர்க்கரை ஆலைகளுக்கு வேறு எரிபொருளும் கொதிகலனும் கொடுத்து, பதிலுக்குச் சக்கையை வாங்கிக்கொள்ளும் ஏற்பாட்டையும் அது செய்திருந்தது. ஆகவே சக்கையில் எத்தனால் எடுக்க வேண்டுமென்றால், கொதிகலனுக்கு வேறு என்ன போடுவது என்ற கேள்விக்கு முதலில் பதில் வேண்டும். நிலக்கரி என்பது பதிலானால் வந்த நோக்கமே போயிற்று. லிக்னினை எரிக்கலாம் என்பது நியாயமான பதில்; நார் சர்க்கரையான பிறகு மிஞ்சும் லிக்னின் நல்ல எரிபொருள். ஆனால் ஆலை முழுவதையும் அது தாங்குமா என்பது கொதிகலன் எவ்வளவு சிக்கனமானது என்பதைப் பொறுத்தது. பழைய கூட்டுறவு ஆலைகளின் கொதிகலன்கள் சிக்கனத்துக்குப் பெயர் போனவை அல்ல.

அடுத்து வைக்கோல். பஞ்சாபிலும் ஹரியானாவிலும் தாளடியை வயலிலேயே கொளுத்தி டெல்லிக்குப் புகையை அனுப்புகிறார்கள். பானிபட் ஆலைக்கு அர்த்தம் அங்கிருந்து வருகிறது. நம் பக்கத்தில் வைக்கோலைக் கொளுத்துபவர் அரிது. கட்டு கட்டிக் காசாக்குகிறோம், மாடு தின்கிறது. பானிபட்டைப் பார்த்து அப்படியே இங்கே ஓர் ஆலை கேட்பது, கறவை மாட்டின் தீவனத்துக்குப் போட்டி உண்டாக்கும் வேலை.

மரவள்ளி வேறு கதை. கல்வராயன் மலையில் வாழும் மலையாளி பழங்குடி மக்களின் முக்கியமான பணப்பயிர் அது. மலையிலிருந்து இறங்கும் கிழங்கு ஆத்தூர், சின்னசேலம், சேலம் பக்கத்துச் சேகோ ஆலைகளுக்குப் போய் ஜவ்வரிசியும் ஸ்டார்ச்சும் ஆகிறது. கிழங்கை அரைத்துப் பால் எடுத்தபின் மிஞ்சும் நார்ச்சக்கைக்குத் திப்பி என்று பெயர். அந்தத் திப்பியின் உலர் எடையில் பாதியளவு இன்னும் மாவுச்சத்துதான். எளிதில் உடையும் முடிச்சு கொண்ட மாலை. அமைலேஸ் போதும், 200 டிகிரி நீராவி வெடிப்பெல்லாம் தேவையில்லை. நாரிலிருந்து சர்க்கரை என்ற பெரிய மலையில் ஏறுவதற்கு முன் கால்வைக்கத் தோதான முதல் படி இதுதான் என்பது என் எண்ணம். ஆனால் திப்பியும் குப்பைக்குப் போவதில்லை. களத்தில் காயவைத்து மாட்டுத் தீவனமாக விற்கிறார்கள். ஈரத் திப்பி ஓரிரு நாளில் புளித்து நாறத் தொடங்கிவிடும் என்பதால், மழைக்காலத்தில் காயவைக்க முடியாமல் வீணாவது உண்டு. அந்த வீணுக்கு ஒரு விலை கிடைத்தால் ஆலைக்காரருக்கு லாபம். அது மலையில் கிழங்கு பிடுங்கியவரின் கைக்கு வருமா என்றால், இன்றைய நிலையில் வராது. கிழங்கின் விலை ஸ்டார்ச் அளவை வைத்து மண்டியில் முடிவாகிறது. திப்பி அதில் கணக்கே இல்லை.

மிஞ்சுவது கரும்புச் சோகை. இதுதான் உண்மையில் கொளுத்தப்படுவது. வெட்டு முடிந்த வயலில் கிடக்கும் உலர்ந்த தோகையும் சோகையும் ஹெக்டேருக்குச் சில டன்கள் தேறும். அடுத்த நீர்ப்பாய்ச்சலுக்கும் மறுதாம்பு விடுவதற்கும் வழி வேண்டுமென்று தீ வைத்துவிடுகிறார்கள். சோகையைத் தூளாக்கி வயலிலேயே பரப்பினால் மண்ணில் ஈரம் நிற்கும், களை அடங்கும், மக்கி உரமாகும் என்று வேளாண் பல்கலைக்கழகம் பல காலமாகச் சொல்லிவருகிறது. ஆட்கூலியும் இயந்திர வாடகையும் யார் தருவது என்ற இடத்தில் அந்த அறிவுரை நின்றுவிடுகிறது. சோகைக்கு எரிபொருள் ஆலை விலை கொடுத்தால் தீ அணையும். ஆனால் முழுவதையும் அள்ளிவிட்டால் மண் மெலியும். ஒரு பங்கை எடுத்து ஒரு பங்கை விடுவதுதான் முறை; ஒப்பந்தத்தில் அந்தப் பங்கு எழுதப்பட வேண்டும்.

இன்னொரு வழியும் இருக்கிறது. கோயம்புத்தூரில் 1912-ல் தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் பார்பரும் வெங்கட்ராமனும் செய்த காரியம் நினைவுகூரத் தக்கது. இனிப்புக் கரும்பை ஆற்றங்கரையில் முளைக்கும் காட்டு நாணலோடு இணைத்து, 1918-ல் கோ 205 என்ற ரகத்தைத் தந்தார்கள். காட்டுச் செடியின் முரட்டுத்தனத்தைக் கரும்புக்குக் கொடுத்தார்கள். அதே வழியில், சர்க்கரைக்காக அல்லாமல் நாருக்காகவே வளர்க்கும் எரிசக்திக் கரும்பு வகைகளையும் இப்போது அந்நிலையம் உருவாக்கியிருக்கிறது. ஏரிக்கரை, உவர் நிலம் என்று வேறு பயிர் வராத இடங்களில் போடலாம் என்பது எண்ணம். கல்வராயன் காட்டில் கை வைக்காத வரைக்கும் அது நல்ல எண்ணம்தான். கடுக்காயும் தேனும் புளியும் சேகரித்து வாழும் மக்களின் காட்டைத் 'தாவரப் பொருண்மை' என்று கணக்கெழுதத் தொடங்கினால் கதை வேறாகிவிடும்.

சாராய பயமும் மெத்தனாலும்

நம் வாசகர்கள் பலருக்கு இதற்குள் ஒரு சங்கடம் எழுந்திருக்கும். எரிபொருள் எத்தனாலும் மதுவில் இருக்கும் ஆல்கஹாலும் ஒரே மூலக்கூறா? ஆம், ஒன்றேதான். வண்டியில் எரிப்பது பற்றிய மார்க்கத் தீர்ப்பை ஆலிம்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பொருளின் தன்மையை மட்டும் இங்கே சொல்லிவிடலாம். பெட்ரோலில் கலக்கும் எத்தனால் 99.5 சதவீதம் தூய்மையானது, ஏறக்குறைய நீரே இல்லாதது. குடிபானமாக அது தயாராவதில்லை. தொழிற்சாலைகளுக்குப் போகும் எத்தனாலில் யாரும் குடிக்க முடியாதபடி வேறு பொருள்களைக் கலந்து கெடுத்துவிடுவது உலக வழக்கம்.

பல நாடுகளில் அப்படிக் கெடுப்பதற்குக் கலந்த பொருள்களில் ஒன்று மெத்தனால். கருணாபுரத்தில் உயிரைக் குடித்ததும் அதுவே. மெத்தனாலுக்கு மரச்சாராயம் என்று பழைய பெயர் உண்டு. காற்றுப் படாமல் மரத்தைச் சுட்டு, எழும் புகையைக் குளிரவைத்து ஒரு காலத்தில் அதை எடுத்தார்கள். இன்று இயற்கை எரிவாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும் டன் டன்னாகத் தயாராகிறது. பெயின்ட், பிசின், மருந்துத் தொழிற்சாலைகளுக்குத் தேவையான சரக்கு. பார்வையிலும் மணத்திலும் அதை எத்தனாலிலிருந்து பிரித்தறிய முடியாது. உடலுக்குள் போனதும் கல்லீரல் அதை ஃபார்மால்டிஹைடாகவும் பிறகு ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. அந்த அமிலம் முதலில் பார்வை நரம்பைத் தாக்கும். சில தேக்கரண்டி அளவே கண்ணைப் பறிக்கப் போதும்.

சக்கையிலிருந்து சர்க்கரை, சர்க்கரையிலிருந்து எத்தனால் என்ற ஆலை வந்தால் இன்னொரு கருணாபுரம் வருமோ என்று அஞ்சுபவர்களுக்கு ஒன்று சொல்லலாம். ஈஸ்ட் சர்க்கரையைப் புளிக்கவைக்கும்போது வருவது எத்தனால். மெத்தனால் அந்த ஆலையின் விளைபொருள் அல்ல. 2024-ல் வந்த விஷம் தொழிற்சாலைச் சரக்காக எங்கோ வாங்கப்பட்டு, கைமாறி, பாக்கெட்டுக்குள் போனது. கண்காணிப்பு தேவைப்படுவது அந்தக் கைமாற்றத்தில். ஆனாலும் எத்தனால் ஆலை ஒன்று கள்ளச்சாராயத்தால் இவ்வளவு அடிபட்ட மாவட்டத்துக்கு வரும்போது, ஒவ்வொரு லிட்டருக்கும் பூட்டும் பதிவேடும் வேண்டும் என்று மக்கள் கேட்பார்கள். கேட்கவும் வேண்டும்.

எரிபொருளாகத்தான் ஆக வேண்டுமா?

சர்க்கரை கையில் வந்துவிட்டால் அதை எரித்தே தீர வேண்டும் என்று கட்டாயம் இல்லை. உத்தராகண்டின் காசிப்பூரில் இந்தியா கிளைகால்ஸ் நிறுவனம் எத்தனாலிலிருந்து எத்திலீன் கிளைகால் செய்கிறது. பாலியெஸ்டர் துணிக்கும் பாட்டிலுக்கும் அது மூலப்பொருள். சைலோஸிலிருந்து சர்க்கரையில்லா மிட்டாய்க்கான சைலிட்டால் வரும். அதே சைலோஸை அமிலத்தில் சூடாக்கினால் ஃபர்ஃபுரால் என்ற கரைப்பான் கிடைக்கும். குளுக்கோஸை லாக்டிக் அமிலமாக்கி மக்கும் பிளாஸ்டிக் செய்யலாம். எரிபொருள் லிட்டர் கணக்கில் மலிவாக விற்கும் பொருள். இவை கிலோ கணக்கில் கூடுதல் விலைக்கு விற்பவை.

அசாமின் நுமாலிகரில் 2025 செப்டம்பரில் திறக்கப்பட்ட மூங்கில் ஆலை இந்தப் பாதையில்தான் போகிறது. ஆண்டுக்கு 5 லட்சம் டன் பச்சை மூங்கிலை எடுத்து, சுமார் 49 ஆயிரம் டன் எத்தனாலோடு 19 ஆயிரம் டன் ஃபர்ஃபுராலும் 11 ஆயிரம் டன் அசிட்டிக் அமிலமும் தருவது திட்டம். மூங்கிலை ஒவ்வொரு பாகமாகப் பிரித்து, எதையும் விடாமல் விற்பனைக்குக் கொண்டுவரும் முறை. மூங்கிலைத் தன் பெயரிலேயே வைத்திருக்கும் மூங்கில்துறைப்பட்டில் அது நடக்கவில்லை என்பது ஒரு வேடிக்கை.

கள்ளக்குறிச்சிப் பக்கம் நாளை ஒரு நிறுவனம் சோகைக்கோ சோளத்தட்டைக்கோ விலை பேச வந்தால், விவசாயிகள் கேட்க வேண்டியவை வேதியியல் கேள்விகள் அல்ல. எடை ஈரத்தோடா, உலர்ந்த பிறகா? பச்சைச் சோகைக்கும் காய்ந்த சோகைக்கும் டன் விலை ஒன்றாக இருக்க முடியாது. கட்டுக் கட்டும் இயந்திரம் யாருடையது, அதன் வாடகை யார் தலையில்? வயலில் எத்தனை பங்கை விட வேண்டும்? டன்னுக்கு 150 லிட்டர் என்ற பானிபட் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு, எண்ணெய் நிறுவனம் எத்தனாலுக்குத் தரும் விலையோடு பெருக்கிப் பார்த்தால், தங்கள் சோகைக்குச் சொல்லப்படும் விலை அதில் எத்தனை சதவீதம் என்று ஒரு தாளில் போட்டுவிடலாம். கரும்புக்கான நிலுவைத் தொகைக்கே மாதக்கணக்கில் காத்திருந்து பழகியவர்கள், சோகைக்கான பணம் எத்தனை நாளில் வரும் என்பதையும் அதே தாளில் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.